மொத்தமும் தப்பு அக்கா

என் கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தவர்கள், பட்டா நகல் எடுக்க வந்தவர்கள், பரீட்சைக் கட்டணம் கட்ட வந்த கல்லூரிப் பிள்ளைகள் என்று நிற்க இடமில்லை. திடீரென்று மூலைக் கம்ப்யூட்டர் பக்கமிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்ற மறந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்றாள். ஒயர் இழுபட்டு மவுஸ் கீழே விழுந்தது.

"அக்கா, தப்பு! மொத்தமும் தப்பு அக்கா! மூணு வருசமா நான் எழுதுனது அம்புட்டும் தப்பு!"

முகமெல்லாம் சிரிப்பு. பட்டா நகலுக்காக உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தச் சிரிப்பை மட்டும்தான் பார்த்தார்.

"பாஸாயிட்டியா தாயி?"

"இல்லைங்கய்யா. பெயிலு!"

சொல்லிவிட்டுப் பக்கத்துப் பேக்கரிக்கு ஓடினாள். ஒரு தட்டு நிறையச் சூடான தேங்காய் பன்னோடு திரும்பி வந்து, கடையில் நின்ற எல்லோருக்கும் கையில் கொடுத்தாள். பெரியவர் ஒரு விள்ளலைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"புள்ள நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்குங்கய்யா. அதுக்குத் தப்புன்னா சந்தோசம்."

அவளைப் பற்றி அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கீரனூர்க் கடைவீதியில் ஜெராக்ஸ், இன்டர்நெட் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். ஊரடங்கு தளர்ந்து கடைகள் மறுபடி திறந்த காலத்தில் ஒருநாள் காலை, முகக்கவசம் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். வடக்கே ஒரு நகரத்தில் வானியல் ஆராய்ச்சிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தவள். விடுதியை மூடிவிட்டதால் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த இடத்தில் அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகிவிட்டது. அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அதனால் படிப்பை இங்கிருந்தே தொடர்வது என்று முடிவு. ஆனால் அவள் ஊரில் போன் பேசுவதற்கே மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்.

"அக்கா, நெட்டு வேகமா இருக்குமா? தெனமும் வருவேன். பெரிய பெரிய படமா எறக்கணும்."

"படமெல்லாம் எறக்க விடமாட்டேம்மா. போலீசு வந்து கேக்கும்" என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சினிமா இல்லக்கா. கேலக்ஸி படம். வானத்துல ரொம்பத் தூரத்துல இருக்கிற நட்சத்திரக் கூட்டம்."

அன்றிலிருந்து மூலைக் கம்ப்யூட்டர் அவளுடையதாகிவிட்டது. அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பேக்கரி அடுப்பு அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருப்பதால் சுவர் எப்போதும் சுடும். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காலண்டரில் வருவது மாதிரி நீலமும் ஊதாவுமாகச் சுழலும் படங்களை எதிர்பார்த்து முதல் நாளே எட்டிப் பார்த்தேன். திரையில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள். நடுவில் வெற்றிலைக் கறை மாதிரி ஒரு சிவப்புத் திட்டு.

"இதுவா?"

"இதேதான்க்கா. இந்தத் திட்டுக்குள்ள கோடி கோடியா நட்சத்திரம் இருக்கு. இந்த வெளிச்சம் அங்கயிருந்து கெளம்பும்போது நம்ம பூமியே கெடையாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆச்சரியப்படுகிறேனா என்று பார்க்கவில்லை. நான் ஏதாவது எதிர்த்துக் கேட்பேனா என்றுதான் பார்த்தாள். அது அவளுடைய பழக்கம். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும் ஒரு நொடி காத்திருப்பாள், யாராவது இல்லை என்று சொல்வார்களா என்று. 

ஒருமுறை கொடும்பாளூர் மூவர் கோயில் பற்றிப் பேச்சு வந்தது. என் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். அங்கே நிற்பது இரண்டு கோயில் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூவர் கோயில்னா மூணுதானக்கா? சின்ன வயசுல சுற்றுலா போயிருக்கேன். மூணு பாத்த ஞாபகம் எனக்கு இருக்கு."

"ஒனக்கு ஞாபகம் இருக்கலாம். அங்க ரெண்டுதான் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள். "வாங்கக்கா, பாத்துட்டு வந்துருவோம்." வெயிலில் அவ்வளவு தூரம் போனோம். புல்வெளியில் இரண்டு கோயில்கள் நின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் இருந்தது. அவள் அந்தக் கல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள்.

"பேரைக் கேட்டேன், மூணுன்னு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் பாத்த மாதிரி ஞாபகத்தையும் நானே செஞ்சுக்கிட்டேன் பாத்தீங்களா! எப்படியாப்பட்ட மூளை!"

தோற்றவள் அவள்தான். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டியதும் அவள்தான்.

கடையில் கூட்டம் அதிகமான நாட்களில் எனக்கு உதவியாக விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வாள். ஒருமுறை ஒருவருடைய இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டாள். அவர் டவுன் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. ஓடிப்போய்ப் பஸ்ஸுக்கு முன்னால் கையை நீட்டி நின்றுவிட்டாள். கண்டக்டர் திட்டினார். "நான்தாண்ணே தப்பு, நான்தான்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, அந்த ஆளைக் கையோடு இறக்கிக் கூட்டி வந்தாள். திட்டுகிறவர்களுக்குத்தான் அவளிடம் சங்கடம். அவள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட பிறகு மேற்கொண்டு எதைச் சொல்லித் திட்டுவது?

கேலக்ஸி பார்க்கிற பெண் என் கடையில் இருக்கிறாள் என்ற செய்தி கடைவீதியில் வேறு மாதிரி பரவியது. உரக்கடைக்காரர் ஒருவர் தன் கேலக்ஸி போனைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"கேலக்ஸி ரிப்பேர் பாக்குறியாமே. சார்ஜு ஏற மாட்டேங்குது, என்னன்னு பாரு தாயி."

அவள் மறுக்கவில்லை. விளக்கமும் சொல்லவில்லை. போனைத் திருப்பிப் பார்த்தாள். என் மேசையிலிருந்த ஊசியை எடுத்து சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் விட்டு, அடைத்திருந்த அழுக்கைக் கிளறி எடுத்தாள். சார்ஜ் ஏறியது.

"தூசிதாங்கய்யா. எல்லா கேலக்ஸியிலயும் தூசிதான் பிரச்சினை."

அவர் போன பிறகு அரைமணி நேரம் சிரித்தோம். அவள் தன் சொந்த கேலக்ஸியில் அந்தத் தூசியைத்தான் பார்க்காமல் விட்டிருந்தாள் என்பது அப்போது அவளுக்கே தெரியாது.

தேங்காய் பன் கொடுத்த நாளுக்கு வருகிறேன். எல்லோரும் போன பிறகு, அப்படி என்னதான் தப்பு என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மூலைச் சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள்.

"சுடுதா?"

"சுடத்தான் செய்யும். அங்கிட்டு அடுப்பு எரியுதுல்ல."

"அடுப்பு ஒங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"செவுரு மறைக்குதே."

"அம்புட்டுதான்க்கா!" என்று துள்ளினாள்.

பிறகு நிதானமாகச் சொன்னாள். புதிதாகப் பிறக்கும் பெரிய நட்சத்திரங்கள் நீலமாக எரியும், சீக்கிரம் தீர்ந்து போகும். வயதான நட்சத்திரங்கள் சிவப்பாக நீண்ட காலம் கிடக்கும். ஒரு கேலக்ஸி சிவப்பாகவே தெரிந்தால் அங்கே புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ரொட்டிக்கு மாவு மாதிரி நட்சத்திரத்துக்கு வாயு வேண்டும். மாவு தீர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். தன்னுடைய சிவப்புத் திட்டு அப்படி வாயு தீர்ந்து செத்துப்போன கேலக்ஸி என்று அவள் எழுதியிருந்தாள். பிரபஞ்சமே அவ்வளவு இளமையாக இருந்த காலத்திலேயே ஒரு கேலக்ஸி எப்படிச் செத்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. அதைப் பாராட்டிப் பலர் பேசவும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் சிவப்பாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல் குவாரிப் பக்கம் சாயங்காலம் தூசிக்குள் தெரியும் சூரியன் மாதிரி, நடுவில் தூசி இருந்தாலும் எதுவும் சிவப்பாகத்தான் தெரியும். தூசி வெளிச்சத்தை விழுங்கிச் சூடாகும். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடிக்க வேறு விதமான தொலைநோக்கி வேண்டும். அன்றைக்கு ஆன்லைன் கூட்டத்தில், வேறொரு நாட்டில் படிக்கும் ஒரு பெண் அப்படி எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறாள். அதில் இவளுடைய செத்த கேலக்ஸி தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வாயுவும் நிறைய இருந்தது.

"நான் சாவு வீடுன்னு சொல்லிட்டேன்க்கா. உள்ள பிரசவ ஆஸ்பத்திரி நடக்குது. போன்ல தூசியப் பாத்தேன், என் கேலக்ஸில பாக்கல பாருங்க!"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. அவளுடைய அம்மா ஆட்டோவில் வந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைப் படியேறினார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"ஒங்ககிட்டச் சொன்னாளா? அடுத்த வாரம் வெளிநாட்டு வேலைக்கு இன்டர்வியூ இருக்கு. இந்த ஆராய்ச்சியப் பாத்துத்தான் கூப்புட்டிருக்காங்க."

எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை.

"மொதல் வார்த்தையே அது தப்புன்னு சொல்லப் போறாளாம். வகுப்புல தப்புப் பண்ணுன பிள்ளைகள நான் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சிருக்கேன். இவ யாரும் சொல்லாமத் தானா ஏறி நிக்கிறா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா. வேலை கெடச்ச பெறகு சொல்லிக்கட்டுமே. யாரு வேணாங்குறா?"

எனக்கு அதில் நியாயம் தெரிந்தது. சாயங்காலம் அவளிடம் பேசினேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிக்கா. நான் சொல்லலைன்னு வையுங்க. அந்த கேலக்ஸி பத்தி அவங்க கேப்பாங்கல்ல? செத்துப் போச்சுன்னு சொல்லணும். நான் பேசுற அந்த நேரத்துல எனக்குத் தெரியும் அது சாகலன்னு. எப்படிக்கா வாய் வரும்?"

"கொஞ்ச நாளைக்குத்தானே."

"ஒரு நிமிசத்துக்கும் வராதுக்கா எனக்கு."

சொன்னபடியே செய்தாள். முதல் வார்த்தையாகச் சொன்னாள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

முடிவு தெரிந்த நாள் கடைக்கு வந்தாள். கம்ப்யூட்டரைப் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போனபோது அழுதுகொண்டிருந்தது தெரிந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இப்ப அழுவுறியே, அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்புன்னு சொன்னதுக்கு அழுவலக்கா. வேலை கெடைக்கலையேன்னு அழுவுறேன். அது வேற, இது வேற. ரொம்ப ஆசைப்பட்டேன்க்கா அந்த வேலைக்கு."

பேக்கரி அண்ணன் விஷயம் தெரிந்து, கேட்காமலேயே ஒரு டீயும் பன்னும் கொடுத்தனுப்பினார். அவள் அழுதுகொண்டே முழுவதையும் தின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டாள்.

அடுத்து வந்த மாதங்களில் அவளிடம் தனி வேகம் இருந்தது. தன் தப்பைக் காட்டிக் கொடுத்த பெண்ணையே தோழியாக்கிக்கொண்டாள். செத்தவை என்று தான் எழுதி வைத்திருந்த மற்ற கேலக்ஸிகளையும் இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். திரையில் அந்தப் பெண் ஒரு பாஷை, இவள் ஒரு பாஷை, நடுவில் இங்கிலீஷ். இடையிடையே இங்கிருந்து "ஐயோ, இதுவும் போச்சா!" என்று சந்தோஷக் கூச்சல். பட்டா நகலுக்கு வருபவர்களும் பழகிவிட்டார்கள். "இன்னைக்கு எத்தனை பொழச்சுச்சு தாயி?" என்று கேட்பார்கள்.

"எல்லாமே உசுரோடதான் இருக்கா?" என்று நானும் ஒருநாள் கேட்டேன்.

"இல்லக்கா. கொஞ்சம் நெசமாவே செத்ததுதான். எல்லாம் பொழச்சிருச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசதான். ஆனா சொல்ல முடியாதே."

இருவரும் சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததும், அதைப் பிரின்ட் எடுக்க அவளுடைய அம்மாவே வந்தார். முதல் பக்கம் மெஷினிலிருந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இந்த வரியப் பாருங்கம்மா. எங்களுடைய முந்தைய முடிவு தவறுன்னு போட்டிருக்கு. மொதப் பக்கத்துலயேவா போடுவாங்க?"

"அவதான் மொதப் பக்கத்துலயே போடணும்னு நின்னா டீச்சர்."

அந்த வரியின் மேல் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் ரெண்டு காப்பி போடுங்க. சர்ச் ஃபாதருக்கு ஒன்னு குடுக்கணும். என் தங்கச்சிக்கு ஒன்னு."

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் சிலி நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர்களுக்குக் காலை வேளை, நமக்குச் சாயங்காலம், கடைவீதி களைகட்டும் நேரம். இன்டர்வியூ என் கடையிலேயே நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் வெளியே காவல் நின்றேன். பேக்கரி அண்ணன் மாவு பிசையும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து என்னோடு நின்றார். ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தபோது அவர் குறுக்கே போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, உள்ள ஒரு புள்ள வானத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கு. ஒரு ரவுண்டு அங்கிட்டுப் போயிட்டு வாங்க."

என்ன புரிந்ததோ, ஆட்டோக்காரர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் திருப்பிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. என் கடை யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அண்ணன் தன் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வாசல் வழியாக உள்ளே தள்ளினார். நான் முட்டி போட்டுப் போய்ச் சொருகினேன். நிமிர்ந்து பார்த்தபோது திரையில் இருந்தவர்கள் யாரும் பேசவில்லை. ஒருவர் தாடையில் கை வைத்திருந்தார். ஒரு அம்மாள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் பேசவில்லை. போச்சு என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சொன்ன நேரத்தைத் தாண்டி வெகுநேரம் கழித்து அவள் ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

"என்னாச்சு?"

"ஒரு கேள்வி கேட்டாங்கக்கா. அம்புட்டு நட்சத்திரம் ஒன்னாப் பொறந்தா, அந்த வேகத்துலயே வாயு வெளிய அடிச்சுக்கிட்டுப் போயிரணுமே, இங்க ஏன் இன்னும் இம்புட்டு இருக்குன்னு. எனக்குத் தெரியலன்னேன். நீங்க சொல்லுங்கன்னு திருப்பிக் கேட்டேன். அவங்களுக்கும் தெரியலையாம்!"

"பெறகு?"

"பெறகு எல்லாரும் சேந்து யோசிச்சோம். அவங்க ஒன்னு சொன்னாங்க, அது சரியா வராதுன்னேன். நான் ஒன்னு சொன்னேன், அதுவும் சரியா வரல. நல்லா இருந்துச்சுக்கா!"

பேக்கரி அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "வேலை கெடச்சுச்சா, இல்லையா? அதச் சொல்லு."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதக் கேக்க மறந்துட்டேண்ணே."

கேட்காமலேயே கொடுத்தார்கள்.

இன்றைக்கு அவள் அங்கேதான் இருக்கிறாள், மழையே பெய்யாத ஒரு மலைப் பாலைவனத்துக்குப் பக்கத்தில். மூலைக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது, மாற்றிவிட்டேன். பேச்சு எப்போதாவதுதான். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு வருவது திருச்சி விமான நிலையத்தில் அவளை வழியனுப்பிய மதியம்தான்.

டீச்சரும் நானும் பேக்கரி அண்ணனும் போயிருந்தோம். உள்ளே நுழையும் வரிசையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் நின்றாள். டீச்சர் கைத்தடியோடு கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது. பக்கத்தில், மகனைத் துபாய்க்கு அனுப்ப வந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"பாப்பா எங்கம்மா போகுது?"

"சிலிக்கு. வேலைக்கு."

"அம்புட்டுத் தூரமா? கெட்டிக்காரப் புள்ளதான்."

"கெட்டிக்காரத்தனமெல்லாம் இல்லைங்க" என்றார் டீச்சர். வகுப்பில் பேசுவது மாதிரி நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னார். "எம் பொண்ணு ஒரு பெரிய தப்புப் பண்ணுனா. அத எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டா. அதுலதான் இந்த வேலையே கெடச்சுது."

அந்த மனிதர் சற்றுப் பின்வாங்கினார். "அப்படி என்னம்மா தப்பு?"

"செத்துப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா. பெறகு பாத்தா உசுரோட இருக்கு."

அவர் கை நெஞ்சுக்குப் போனது. "ஐயையோ! எந்த ஆஸ்பத்திரியிலம்மா?"

பேக்கரி அண்ணன்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு நான். டீச்சர் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கைத்தடியை என்மேல் சாய்த்துவிட்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். வரிசையில் கடைசித் தடவையாகத் திரும்பிப் பார்த்த அவள், நாங்கள் அழுதுகொண்டு நிற்போம் என்று நினைத்திருப்பாள் போல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிப்பதைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, என்ன என்று கையால் கேட்டாள். சொல்ல வழியில்லை. எதற்கென்று தெரியாமலேயே அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தபடியே பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.